பள்ளத்து ரிங்

என் பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பவருக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், பேஸ்கட்பால் விளையாடுகிறாள். தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரிதான் தடுப்பு. பள்ளிக்கூடத்தில் நானும் அந்த ஆட்டம் ஆடியவள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. டீ வரும் நேரமெல்லாம் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டுவார்.

“ஏனுங்க மேடம், பாப்பா நல்லா வெளையாடோணும்னா என்னங்க பண்றது? தெனமும் முட்டை குடுக்கலாமுங்களா? கம்பியில தொங்குனா ஒசரமாவாள்னு மாஸ்டர் சொல்றாருங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பியில் தொங்குவது, விடிகாலையில் ஓடுவது, கயிறு தாண்டுவது. எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். முட்டையை மட்டும் சொல்லவில்லை. அது எங்கள் வீடுகளில் நடக்காது என்று டீச்சருக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்களே என்று இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“மொதல்ல பாப்பாகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க. அவ போட்ட பந்து ரிங்குல விழுகலைன்னா, அதை யாரு போய் எடுக்கறாங்கன்னு கேளுங்க.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் மறுபடியும் தலையை நீட்டி, பாதாம் ஊறவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் அரவேணுவுக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. சர்ச்சோடு ஒட்டிய பள்ளி. இந்த மலையில் சமமான இடம் என்று தானாக எதுவும் கிடைக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். யாரோ ஒரு காலத்தில் சரிவை வெட்டிச் செம்மண்ணை நிரவி ஒரு பேஸ்கட்பால் கோர்ட் அமைத்திருந்தார்கள். மேட்டுப் பக்கம் ஒரு ரிங், பள்ளத்துப் பக்கம் ஒரு ரிங். நான் அங்கே சேர்வதற்கு முன்பே ஓர் ஐப்பசி மழையில் மண் சரிந்து மேட்டு ரிங்கைக் கம்பத்தோடு சாய்த்துவிட்டது. அடுத்த வருடம் நட்டுவிடலாம், அடுத்த வருடம் நட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள். நான் படித்து முடித்து வெளியே வரும்வரை அந்த அடுத்த வருடம் வரவில்லை.

மிஞ்சியது பள்ளத்து ரிங். அதற்குப் பின்னால் நாலைந்து அடி மண், அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. தேயிலைச் சரிவுதான். ரிங்கில் விழாத பந்து போர்டில் பட்டோ படாமலோ எகிறி, தேயிலைக்குள் புகுந்து, செடிவரிசைகளுக்கு நடுவே உருண்டு, நல்ல நாளாக இருந்தால் தோட்டத்துப் பாதையில் நிற்கும். கெட்ட நாளாக இருந்தால் அடியில் ஓடும் ஓடையில் போய் மிதக்கும்.

பள்ளிக்கு இருந்தது ஒரே பந்து. அதை வாங்குவதற்காக எங்கள் பி.டி. டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸின் அறைக்கு எத்தனை நடை நடந்தார் என்பது ஊருக்கே தெரியும். பந்தை ஒரு துணிப்பையில் போட்டு, தன் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அது ஓடையில் போய்விடக் கூடாது என்பதற்காக அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார்.

“விட்டவ எடுக்கோணும்.”

அவ்வளவுதான் சட்டம். யார் போட்டு விழவில்லையோ அவள்தான் இறங்கிப் போய் எடுத்து வரவேண்டும். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காலை நேரத்துத் தேயிலைக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்புவரை நனைந்துவிடும். பாவாடை காலைச் சுற்றிக்கொள்ளும். கணுக்காலில் அட்டை ஏறியிருக்கும். எங்கிருந்தோ மேஸ்திரி, “யாரு புள்ள அது, கொழுந்தெல்லாம் ஒடியுது!” என்று கத்துவார். மூச்சு வாங்க மேலே வந்தால், குளிரில் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கும் மற்றவர்கள் எல்லாம் முறைப்பார்கள். உன்னால்தானே ஆட்டம் நின்றது என்ற முறைப்பு.

அப்படி இரண்டு நாள் போய் வந்தால் எந்தப் பெண்ணும் தெளிந்துவிடுவாள். ரிங்கைப் பார்த்துப் பந்தைப் போடுவதுதான் வம்பு என்று புரிந்துவிடும். அதனால் நாங்கள் யாரும் போடவில்லை. பாஸ் செய்தோம். அவள் இவளுக்கு, இவள் எனக்கு, நான் அவளுக்கு. ரிங்குக்கு நேர் கீழே யாராவது போய்ச் சேர்ந்து, இனி தவறவே தவறாது என்று ஆனபிறகு, பயந்து பயந்து மேலே ஒரு தட்டு. தூரத்திலிருந்து எவளாவது போட்டால், “பெரிய இவ!” என்று கிண்டல் செய்வோம். டீச்சருக்கு இதில் பெருமைதான். எங்கள் பிள்ளைகள் அடக்கமாக ஆடுகிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்.

மீதி நேரமெல்லாம் ஓட்டம். சர்ச்சைச் சுற்றி ஓடு, படியேறி ஓடு, படியிறங்கி ஓடு. டீச்சர் காலேஜில் ஓட்டப் பந்தயக்காரி. தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். அதில் அவரைக் குறை சொல்லவில்லை. தெரியாததற்கும் தெரிந்த மாதிரி விசில் ஊதியதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும்போது முதல்முறையாகக் கோயம்புத்தூரில் ஒரு போட்டிக்குப் போனோம். மேட்டுப்பாளையம் இறங்கியதுமே ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். அங்கே சிமெண்ட் தரை. பந்தைத் தட்டினால் முகத்துக்கு வந்தது. எங்கள் ஊர்க் குளிரில் பந்து சோம்பலாகத்தான் எழும்பும். அதற்குப் பழகிய கை, அங்கே பந்து எங்கே என்று தேடியது. அதையும் சமாளித்தோம். ஓட்டத்தில் அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் பக்கத்தில்கூட வர முடியவில்லை. சீக்கிரமே இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள். நாங்கள் அழகாகப் பாஸ் செய்தோம். பாஸ் செய்துகொண்டே இருந்தோம். முதல் பாதி முடியும்வரை எங்கள் பக்கம் ஒரு கூடைகூட விழவில்லை. விழுவதற்கு யாராவது போட்டால்தானே?

இரண்டாம் பாதியில் எனக்கு வெறுத்துவிட்டது. பந்து என் கையில். எதிரே யாருமில்லை. ஆனது ஆகட்டும் என்று தூரத்திலிருந்து போட்டேன். பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டு நேராக மேலே எழும்பியது.

அப்போது நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகும். எங்கள் பக்கத்து நாலு பேரும் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள். அந்த வெயிலில்! நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விட்டவள் நீதானே, போய் எடு என்கிற அதே பார்வை. நானும் ஓடிக்கொண்டிருந்தேன். பந்தை நோக்கி அல்ல. ரிங்கைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, போர்டுக்குப் பின்னால், பந்து வழக்கமாகப் போகும் பள்ளத்தை நோக்கி ஓடினேன். அங்கே பள்ளம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேறு பள்ளிப் பெண்கள்தான் இருந்தார்கள். பந்து கோர்ட்டுக்குள்ளேயே விழுந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண் அதைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள்.

“பஸ்ஸைப் புடிக்க ஓடுது பாருங்கடி!” என்று யாரோ கத்தினார்கள். மைதானமே சிரித்தது. ஒருமுறையோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். அந்த ஆட்டத்தில் நான் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் இதே கூத்துதான் நடந்தது. காலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் மூளை சொல்வதை அது கேட்பதில்லை.

தோற்று உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் எங்களிடம் வந்தார். அந்த ஊர்ப் பெண்கள் கல்லூரி ஒன்றில் விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொள்பவர். என் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

“கால் இருக்கு, கை இருக்கு. ரிங்கை மட்டும் ஏம்மா பாம்பைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?”

பிறகு டீச்சரிடம் சொன்னார். அடுத்த வருடம் மலைப் பள்ளிகளிலிருந்து ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப் போகிறார்களாம். ஹாஸ்டலும் படிப்பும் அவர்கள் பொறுப்பு. நன்றாக ஆடும் பெண்ணாக இருந்தால் போதும். அவர் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. இல்லை, நிச்சயமாக என்னைத்தான் பார்த்தார்.

அந்த இடம் எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு வெறியோடு விரும்பியதில்லை. அப்பா இதே தொழிற்சாலையில் இலை எடை போடுகிறவர். பிளஸ் டூ முடித்ததும் எனக்கு ஆபீசில் ஒரு வேலை கேட்டு வைத்திருந்தார். “நெழல்ல உக்காந்து பண்ற வேலை கண்ணு. மழையில நனைய வேண்டியதில்ல,” என்பார். அவருக்கு அது பெரிய விஷயம். எனக்கோ அந்த ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாலே மூச்சு முட்டியது.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே டீச்சரிடம் போய் நின்றேன்.

“டீச்சர், அந்த ரூலை மாத்தலாமுங்க. பந்து விழுகலைன்னா எல்லாருமே அதை எடுக்க ஓடோணும்னு வெச்சுக்கலாமுங்க.”

“ஒருத்தி பண்ற தப்புக்கு எல்லாரும் எதுக்கு ஓடோணும்?”

“ஆட்டத்துல அப்படித்தானுங்களே டீச்சர் ஓடறாங்க. அந்த ஸ்கூல் பொண்ணுங்களைப் பாத்தீங்கள்ல? ஒருத்தி போட்டா மத்தவங்கெல்லாம் ரிங்குக்கு அடியில போயி நிக்கறாங்க.”

“அவங்களுக்குப் பத்துப் பந்து இருக்குது. நம்மகிட்ட எத்தனை இருக்குது? எல்லாரும் தேயிலைக்குள்ள எறங்குனா எஸ்டேட்காரன் சும்மா உடுவானா? விட்டவ எடுத்தாத்தான் அடுத்த தடவ பாத்துப் போடுவா. பொறுப்புன்னு ஒண்ணு வேணுமல்ல?”

“அடுத்த தடவ பாத்துப் போடறதில்லீங்க டீச்சர். போடறதையே உட்டர்றாங்க.”

“வாய் ரொம்ப நீளுது. போயி ரெண்டு ரவுண்டு ஓடு.”

ஓடினேன். ஓடும்போது பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

சரி, பந்து கீழே போவதுதானே பிரச்சினை, போகாமல் செய்துவிடலாம் என்று அடுத்து இறங்கினேன். தொழிற்சாலையில் பச்சை இலையைக் கட்டி எடுத்து வரும் வலைச்சாக்குகள் கிழிந்துபோனால் ஒரு மூலையில் கிடக்கும். அப்பாவை நச்சரித்துக் கொஞ்சம் வாங்கி வந்தேன். அவற்றைப் பிரித்து, ஒன்றோடொன்று வைத்துத் தைத்தேன். விரலெல்லாம் ஊசிக் குத்து. மூங்கிலில் கட்டி ரிங்குக்குப் பின்னால் நட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. முதல் பந்து அதில் விழுந்து திரும்பி வந்தது! ஆனால் பள்ளத்திலிருந்து ஏறும் காற்றுக்கு யார் பதில் சொல்வது? அந்த வார முடிவிலேயே மூங்கிலோடு சாய்ந்தது. எடுத்து மறுபடி நடப் போனேன். “கோழிக்கூண்டாட்டம் இருக்குது. ஃபாதர் பாத்தா என்ன நெனைப்பாரு? எடுத்து வீசு,” என்றார் டீச்சர். வீசினேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்தே நடந்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், தொழிலாளர்களின் லைன் வீட்டுக்காரி. அவளுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள். நாங்களெல்லாம் லைன் என்பதை அவள் மட்டும் லயம் என்பாள். என்னைவிட ஒரு தலை குள்ளம். டீமில் இருந்தாள், ஆனால் இருப்பதே தெரியாது. ஏழாம் நம்பர் பனியன் அவளுக்கு முட்டிவரை தொங்கும். ரிங்கை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

“நான் கீழ நிக்கறேன்,” என்றாள். “நீ போடு. பந்து தேயிலைக்குப் போவாம நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை, மணியடிப்பதற்கு வெகுநேரம் முன்பே டீச்சரிடம் போய் நின்றோம். அவர் பந்தைக் கொடுத்ததுதான் ஆச்சரியம். “ஓடையில போச்சுன்னா உங்கப்பன் ஊட்டுக்கே வந்து கேப்பேன்,” என்றார். ஆனால் கொடுத்தார்.

அப்படித்தான் ஒரு வருடம் ஓடியது. கோயம்புத்தூரில் ஆடிய ஒரு நெட்டைப் பெண்ணை நான் கண்ணெடுக்காமல் பார்த்து வைத்திருந்தேன். முழங்காலை மடக்கி எழுவாள். போட்டபிறகும் கை மேலேயே நிற்கும். மணிக்கட்டு மட்டும் முன்னால் மடிந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். குளிரில் விரல் மரத்துப் போகும். பந்தை ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போடுவேன். ஒரே இடத்திலிருந்து போட்டுப் போட்டு அந்த இடம் கைக்கு வந்தபிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர்வேன். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. நானாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததில் எவ்வளவு காலம் வீணாயிற்று என்று நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அவள் ரிங்குக்குப் பின்னால், சரிவு தொடங்கும் விளிம்பில் நிற்பாள். முதலில் பந்து விழுந்தபிறகு துரத்தினாள். பாதி பந்துகள் அவளைத் தாண்டிப் போயின. அவள்தான் தேயிலைக்குள் இறங்கினாள், நனைந்தாள். கொஞ்ச நாள் போனபின் ஒன்றைக் கவனித்தேன். அவள் ஓடுவதே இல்லை. பந்து ரிங்கில் படுவதற்கு முன்பே விழப்போகிற இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். அதோடு விட்டாளா? பந்து காற்றில் இருக்கும்போதே சத்தமாகச் சொல்லவும் ஆரம்பித்தாள்.

“சோத்தாங்கை!”

பந்து வலது பக்கம் விழும்.

“நொட்டாங்கை!”

இடது பக்கம் விழும். பனி இறங்கி ரிங்கே தெரியாத நாட்களில்கூட, பந்து இரும்பில் பட்ட சத்தத்தை வைத்தே ஓடிப் பிடித்துவிடுவாள். எனக்கோ எரிச்சல் தாங்காது. உயிரைக் கொடுத்துப் போடுகிறேன், பந்து போய்ச் சேரும் முன்பே அது விழாது என்று ஊருக்குச் சொல்லுகிறாளே!

“விழும்னு ஒருநாளாச்சும் சொல்லேண்டி!”

“விழுந்தா எனக்கு என்ன வேலை?” என்பாள்.

“நீயும் நாலு பந்து போட்டுப் பழகேன். பந்தைப் பொறுக்கறதுக்கா டீம்ல சேந்தே?” என்று திட்டுவேன். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, பந்தை என்னிடம் தூக்கி எறிவாள். மறுபடி விளிம்புக்குப் போய் நிற்பாள்.

பிளஸ் டூவில் மறுபடியும் கோயம்புத்தூர் போனோம். அந்த அம்மாள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நாலாம் நம்பர். முதல் பந்தே விழுந்தது. தூரத்திலிருந்து போட்டது. சென்ற வருடம் சிரித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்தேன். இருந்திருப்பார்கள். அடுத்ததும் விழுந்தது. பிறகு சிலது விழுந்தன, சிலது விழவில்லை. எல்லாமே விழுகிற கை உலகத்தில் யாருக்கும் கிடையாது.

விழாதபோது என்ன ஆயிற்று? மற்ற மூன்று பேரும் பழையபடியே நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தார்கள். டீச்சரின் சட்டம்தான் மாறவே இல்லையே! அவள் மட்டும் நிற்கவில்லை. பந்து என் கையை விட்டதுமே, அந்த நெட்டைப் பெண்களுக்கு நடுவே புகுந்து, சரியாக அது விழும் இடத்தில் போய் நின்றாள். வாய் மட்டும் முணுமுணுத்தது. சோத்தாங்கை என்றோ நொட்டாங்கை என்றோதான் சொல்லியிருப்பாள். தாவி எடுத்து எனக்கே தருவாள். இல்லையென்றால் ரிங்குக்கு அடியிலிருந்து பார்க்காமலேயே மேலே தட்டிவிடுவாள். அதுவும் போய் விழும். எதிர்ப்பக்கத்தின் பந்தையும் அவள்தான் எடுத்தாள். ஒருத்தி ஆத்திரத்தில் அவளை இடித்துத் தள்ளினாள். எழுந்து பனியனைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி போய் நின்றாள்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். அடுத்ததில் நூலிழையில் தோற்றோம். எங்கள் பக்கம் அதிகம் போட்டது நான். அது எல்லோருக்கும் தெரியும். டீச்சரே என் முதுகில் தட்டினார். அந்த அம்மாள் எழுந்து எங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். தாவணி வாங்கலாமா, சுடிதார் வாங்கலாமா, ஹாஸ்டலுக்கு எது சரியாக இருக்கும் என்றுகூட மனசுக்குள் ஓடிற்று.

“ஏழாம் நம்பர் யாரும்மா?” என்றார்.

அவள் எனக்குப் பின்னால் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு ஷூவோடு எழுந்தாள்.

“கூடை போடறவங்க எங்ககிட்ட இருக்காங்க டீச்சர். இல்லாட்டியும் சொல்லிக் குடுத்துடலாம்,” என்றார் அந்த அம்மாள். “தவறின பந்துக்கு இப்படிப் போறாளே, இதைச் சொல்லிக் குடுக்கத்தான் என்னால முடியறதில்ல. நீங்க எப்படிப் பழக்குனீங்க?”

எங்கள் டீச்சர் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

“எங்க ஸ்கூல்ல பந்து விசயத்துல நாங்க ரொம்பக் கண்டிசனுங்க மேடம். கீழ போற பந்தை எடுத்தே ஆகோணும். அது எங்க ரூலுங்க.”

நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாம் நம்பர்க்காரியைப் பார்த்தால், அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இடம் அவளுக்குப் போகிறதே என்று பொறாமைதான் வந்தது. நான் பழகுவதற்காக நின்றவள் அவள். என் பந்தைப் பொறுக்கியவள். ஒரு வருடம் அந்தக் குளிரில் விரல் மரத்துப் போட்டது நான், பழகியது அவள்!

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மலையேறினோம். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். குஞ்சப்பனை தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் ஏறியதும் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீ விட்டதைத்தான நான் எடுத்தேன்,” என்றாள் மெதுவாக.

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். நன்றி சொல்கிறாள் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. அரவேணுவில் அவளுக்கு முன்னால் இறங்கி நடந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் வழக்கம்போல விசில் ஊதினார். சர்ச்சைச் சுற்றி ஓடினோம். பந்தை எடுத்தார். அது என்னிடம் வந்ததும், யாருக்கும் பாஸ் செய்யாமல், நின்ற இடத்திலிருந்தே ஓங்கிப் போட்டேன். போர்டுக்கு மேலே பறந்து பள்ளத்துக்குள் போயிற்று. எல்லோரும் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தார்கள்.

“விட்டவ எடு,” என்றார் டீச்சர்.

“நான் போகலீங்க டீச்சர்.”

“என்ன?”

“போன வருசமே கேட்டேன், அந்த ரூலை மாத்துங்கன்னு. மாத்தலை. அங்க போயி அதுதான் எங்க டிரெயினிங்குன்னு சொல்றீங்க. நான் எடுக்க மாட்டேனுங்க.”

டீச்சரின் முகம் சிவந்தது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதற்குள் கீழே தேயிலை சலசலத்தது. ஏழாம் நம்பர்க்காரி எப்போது இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. செடிகளுக்கு நடுவே அவள் தலை மட்டும் தெரிந்தது. சொட்டச் சொட்ட நனைந்து மேலே வந்தாள். பந்தை டீச்சரிடம் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து நீட்டினாள்.

“இந்தா. போடு.”

வாங்கினேன். முழங்காலை மடக்கி எழுந்து, நான் பழகிய விதத்திலேயே, மணிக்கட்டை மடித்துப் போட்டேன். பந்து மேலே போகும்போது அவள் விளிம்புக்கு ஓடவில்லை. என் பக்கத்திலேயே நின்று, கோர்ட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“விழும்!”

அவள் சொன்னது தவறிப்போனது அந்த ஒரு தடவைதான். பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் தேயிலைக்குள் போயிற்று. டீச்சர் விசிலை வாயில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம்.